வினைமுடிபில் தங்கும் பிழை: ‘மின்னூட்டம்’ என்னும் கலைச்சொல்லை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

தமிழில் கலைச்சொல்லாக்கம் பற்றி நிகழ்ந்துள்ள ஆய்வுகளைத் தொகுத்து நோக்கின், அவை ஏறத்தாழ முழுவதும் பெயர்ச்சொல்லைப் பற்றியவை என்பது புலப்படும். ஒரு பிறமொழிக் கருத்துக்குத் தமிழில் எத்தனை சொற்கள் வழங்குகின்றன, அவற்றுள் எது வேர்வழிப் பொருந்துவது, எது ஒலிபெயர்ப்பு, எதனை நிலைபெறச் செய்யலாம் என்பனவே நாம் வழக்கமாக எழுப்பும் வினாக்கள். 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் தொடங்கிய அறிவியற்சொற் கழகம், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட கலைச்சொற்கள் தொகுதி, இலங்கை அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள், கலைக்கதிர் இதழ் வளர்த்த சொல்வளம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியம் என இம்மரபு நெடியது, பெருமைப்படத் தக்கது. ஆயினும் இம்மரபின் அடிப்படை வடிவம் பட்டியலே. பட்டியலில் பெயருக்கு இடமுண்டு. அப்பெயர் எவ்வினையைக் கொண்டு முடியும் என்பதற்கு இடமில்லை.

அறிவியற் கருத்தைப் பிறழ உணரச் செய்வது பல இடங்களில் பெயரன்று, அப்பெயரோடு நாம் சேர்க்கும் வினையே என்பது என் துணிபு. இதனை அணுவின் மின்சுமை பற்றித் தமிழில் எழுதப்படும் தொடர்களை எடுத்துக்கொண்டு விளக்க முயல்கிறேன்.

இம்முயற்சிக்கு வித்திட்டது ஒரு பள்ளி மாணவியின் வினா. என் ஊர் திருவண்ணாமலை. இவ்வாறு சொன்னவுடன் அருணாசலேசுவரர் கோயிலையும் கிரிவலத்தையும் நினைப்பது இயல்பு. நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சீனிவாசப் பெருமாள் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் சிற்றூரை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இராஜபாளையம் வட்டாரத்து மக்கள் திரளும் தென் திருப்பதி. ஒரு பெயர் இரண்டு பொருளைச் சுட்டும்போது எது என்று கேட்டுத் தெளிவதற்கு இடமிருந்தால் இடர்ப்பாடில்லை. பாடநூலைத் தனியே படிக்கும் குழந்தைக்கு அவ்வாறு கேட்பதற்கு யாரும் இருப்பதில்லை.

மாலைநேரப் பாட வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, சோடியம் எலக்ட்ரானை இழந்துதானே போச்சு? அப்புறம் எப்படி அதுக்கு ஊட்டம் வந்துச்சு? யாரு ஊட்டினா?” நான் தமிழ் பயின்றவள். வேதியியல் தெரிந்த ஒருவர், அது வெறும் சொல், பொருட்படுத்த வேண்டா என்று கடந்திருக்கக்கூடும். எனக்கு அவ்வாறு கடக்க இயலவில்லை. ‘யார் ஊட்டினார்?’ என்பது பிறவினைக்கு எழுவாய் தேடும் வினா. அம்மாணவி இலக்கண வழியில் சரியாகவே கேட்டிருக்கிறாள்.

அணுவின் கணக்கு

இவ்விதழின் வாசகர் பெரும்பாலோர் தமிழ்ப் புலத்தினர் ஆதலின், பொருளை முதலில் சுருங்கச் சொல்லிவிடுதல் நலம்.

அணுவின் நடுவே கரு. கருவினுள் புரோட்டான்களும் நியூட்ரான்களும். கருவைச் சூழ எலக்ட்ரான்கள். புரோட்டானின் மின்சுமை நேர் ஒன்று, எலக்ட்ரானின் மின்சுமை எதிர் ஒன்று. அந்த ‘ஒன்று’ என்னும் அலகின் அளவு 1.602176634 × 10⁻¹⁹ கூலும். 2019 முதல் பன்னாட்டு அளவை முறையில் இவ்வெண்ணே மாறா எண்ணாக வரையறுக்கப்பட்டுள்ளது. புரோட்டான், எலக்ட்ரானைக் காட்டிலும் ஏறத்தாழ 1836 மடங்கு நிறையுடையது. இருந்தும் இரண்டின் மின்சுமையும் அளவால் ஒன்றே. நிறையில் யானையும் எலியுமாக இருப்பவை இந்த ஒன்றில் மட்டும் இம்மியும் பிசகாமல் ஒத்திருப்பதால்தான் நாம் தொடும் பொருள்கள் எல்லாம் மின்வகையில் அமைதியாக இருக்கின்றன.

புரோட்டான்களின் எண்ணிக்கையே தனிமத்தின் அடையாளம். 11 புரோட்டான்கள் இருப்பின் சோடியம். ஒன்று குறைந்து 10 ஆனால் அது குறைபட்ட சோடியம் அன்று, நியான். வேதிவினை எதுவும் கருவைத் தொடுவதில்லை. வருவதும் போவதும் எலக்ட்ரானே. எனவே அணுவொன்றின் நிகர மின்சுமையை அறியப் புரோட்டான்களின் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கழித்தால் போதும். சோடியம் அணு ஓர் எலக்ட்ரானை இழந்தால் 11இல் 10 போக, நேர் ஒன்று. குளோரின் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்றால் 17இல் 18 போக, எதிர் ஒன்று. இவ்வாறு ஈடு குலைந்த அணுவை அல்லது அணுத் தொகுதியை அயனி என்கிறோம்.

எங்கள் மாவட்டத்துப் பொருளொன்றை எடுத்துக்கொள்வோம். வாண வேடிக்கைக்குப் பயன்படும் வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அதிலுள்ள பொட்டாசியம் அயனியில் 19 புரோட்டான்கள், 18 எலக்ட்ரான்கள். நைட்ரேட் அயனி ஒரு நைட்ரசன் அணுவும் மூன்று ஆக்சிசன் அணுக்களும் சேர்ந்தது. அதில் 7உம் 24உமாக 31 புரோட்டான்கள், எலக்ட்ரான்களோ 32. தனித்தனியே பார்த்தால் ஒன்று நேர், மற்றொன்று எதிர். சேர்த்து எண்ணினால் புரோட்டான் 50, எலக்ட்ரான் 50. உப்பு முழுவதும் அயனிகளால் ஆனது. உப்பின் நிகர மின்சுமையோ சுழி. இக்கணக்கில் எவரும் எதனையும் ஊட்டவில்லை என்பதை நினைவிற் கொள்க.

ஊட்டம், ஏற்றம், சுமை

ஆங்கிலத்தில் இப்பண்புக்கு வழங்கும் சொல் வண்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வண்டியில் பாரம் ஏற்றுதல், துப்பாக்கியில் மருந்து கெட்டித்தல், பின்னர் கண்ணாடிச் சாடியில் மின்சாரத்தை நிரப்புதல் என அதன் பொருள் படர்ந்தது. 1740களில் லெய்டன் சாடியை வைத்து ஆய்ந்தவர்களுக்கு மின்சாரம் என்பது ஒரு பாய்பொருள். ஊற்றலாம், நிரப்பலாம், வடிக்கலாம். பெஞ்சமின் பிராங்கிளின் அப்பாய்பொருள் மிகுந்திருப்பதை நேர் என்றும் குறைந்திருப்பதை எதிர் என்றும் வகுத்தார். மிகுவது எது, குறைவது எது என்று அறிய அன்று வழியில்லை. அயனி என்னும் பெயர் 1834இல் பாரடேயின் எழுத்தில் தோன்றியபோதும் எலக்ட்ரான் அறியப்படவில்லை. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை இனங்கண்டார். 1911இல் ரூதர்போர்டு அணுக்கருவை உணர்ந்தார். புரோட்டான் என்னும் பெயர் 1920இல்தான் வந்தது. அதற்குள் சொற்கள் எல்லாம் உறைந்துவிட்டிருந்தன. யாழ்ப்பாணத்து மருத்துவர் சாமுவேல் கிறீன் வேதியியலைத் தமிழில் தந்த ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். நம் மொழியில் வேதியியல் எழுதப்படத் தொடங்கிய காலத்தில் எலக்ட்ரானுக்கு ஐரோப்பாவிலும் பெயரில்லை.

ஆக, பிழை நம்மிடம் பிறந்ததன்று. ஆனால் தமிழுக்கு வரும்போது அது வேறொரு வடிவம் கொண்டது. தமிழ்நாட்டில் மின்னூட்டம், மின்சுமை ஆகிய இரண்டும் பாடநூல்களில் வழங்குகின்றன. இலங்கையில் ஏற்றம் அல்லது மின்னேற்றம். மின்மம் என்று ஆண்டோரும் உளர். இவற்றின் சொல்லமைப்பைச் சற்று நோக்குவோம்.

உண் என்னும் தன்வினை ஊட்டு எனப் பிறவினையாகும். ஊட்டு என்பதனடியாகப் பிறந்தது ஊட்டம். இச்சொல்லுக்குள் மூவர் இருக்கின்றனர்: ஊட்டுபவர், ஊட்டப்படும் பொருள், உண்பவர். நெகிழிச் சீப்பைத் தலையில் உரசும்போது ஓரளவு இப்படம் பொருந்தும். புரோட்டானுக்கு எவ்வாற்றானும் பொருந்தாது. அதற்கு எவரும் எதனையும் எக்காலத்தும் ஊட்டியதில்லை.

ஏற்றம் என்பது நுட்பமானது. ஏற்று என்னும் பிறவினையினின்றும் வரலாம். மாறு என்பதிலிருந்து மாற்றம் வருவதுபோல, ஏறு என்னும் தன்வினையினின்றும் வரலாம். சுமையேற்றத்தில் பிறவினை, விலையேற்றத்தில் தன்வினை. இலங்கைச் சொல்லுக்கு இந்த இரட்டைத் தன்மை ஒரு பாதுகாப்பாக அமைந்துள்ளது என்பேன். நம் மக்கள் வழக்கும் இதற்கு அரண்செய்கிறது. கைப்பேசியில் ‘சார்ஜ் ஏறுகிறது’ என்கிறார்களே தவிர, ஊட்டப்படுகிறது என்று எவரும் சொல்வதில்லை. (இவ்வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. முழுதும் சார்ஜ் ஏறிய மின்கலத்தின் நிகர மின்சுமை சுழியே. உள்ளே லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடம்பெயர, எலக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியே அதே முனைக்குச் சென்றடைகின்றன. ஏறியது ஆற்றல், மின்சுமை அன்று.)

சுமை என்பது சும என்னும் வினையடியாகப் பிறந்தது. சுமத்து என்றால் பிறவினை. சுமை என்ற சொல்லில் சுமப்பவர் மட்டுமே கட்டாயம். சுமத்தியவர் இருக்க வேண்டியதில்லை. இவ்வொரு காரணத்தால் மின்னூட்டத்தைவிட மின்சுமை மேலானது என்று கருதுகிறேன். மின்வாரிய வழக்கில் வீட்டிணைப்பின் பளுவோடு குழம்பாதா எனின், அதற்கு மின்பளு என்னும் சொல் ஏற்கெனவே வழக்கிலுள்ளது. இருந்தும் சுமையிலும் ஒரு குறை உண்டு. சுமையை இறக்கி வைக்கலாம். புரோட்டான் தன் மின்சுமையை இறக்கி வைக்க இயலாது.

தற்கிழமையும் பிறிதின்கிழமையும்

இந்த இடத்தில் நம் இலக்கணம் கைகொடுக்கிறது. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகையாகப் பிரிப்பது நாம் நன்கறிந்தது. கண்ணனது கருமை, கண்ணனது கை என்பன தற்கிழமை. கண்ணனது பசு என்பது பிறிதின்கிழமை. உரியதும் உடையதும் பிரிக்க இயலாதபடி ஒன்றியிருத்தல், பிரித்து எடுக்கத்தக்கதாய் இருத்தல் என்னும் வேறுபாடு அது.

‘புரோட்டானின் மின்சுமை’ என்னும் தொடரையும் ‘சீப்பின் மின்சுமை’ என்னும் தொடரையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். உருபு ஒன்றே, கிழமை வேறு. முன்னது பண்புத் தற்கிழமை, பின்னது பிறிதின்கிழமை. இதுபோலவே ‘சோடியத்தின் புரோட்டான்’ உறுப்புத் தற்கிழமை. அதனை எடுத்துவிட்டால் சோடியமே இல்லை. ‘சோடியத்தின் வெளிவட்ட எலக்ட்ரான்’ பிறிதின்கிழமைக்கு நெருங்கியது. கொடுத்துவிட்ட பின்னும் சோடியம் சோடியமாகவே, அயனி வடிவில், நிற்கிறது. நன்னூலார் தற்கிழமையின் வகைகளுள் ஒன்றாகத் திரிபின் ஆக்கத்தைச் சொல்கிறார். நெல்லினது பொரி போன்றவை அதற்கு எடுத்துக்காட்டாகும். சோடியத்தினது அயனி என்பதை அவ்வகையில் அடக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதனை ஓர் ஒப்புமையாக மட்டுமே முன்வைக்கிறேன். பவணந்தியார் அயனியை அறிந்திருந்தார் என்று சொல்லும் வகையிலான ஆய்வு நமக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு உண்டு.

ஒரு மறுப்பை இங்கேயே எதிர்கொள்ள வேண்டும். தற்கிழமைக்கு ஒரு சொல், பிறிதின்கிழமைக்கு ஒரு சொல் என இரண்டு கலைச்சொற்களை ஆக்கிவிடலாமே என்பர். என் நெறியாளரோடு உரையாடியபோது நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். அது தவறு. புரோட்டானின் மின்சுமையும் அயனியின் மின்சுமையும் சீப்பின் மின்சுமையும் இயற்பியலில் ஒரே அளவுதான். ஒரே அலகால் அளக்கப்படுவன. ஒன்றோடொன்று கூட்டிக் கழிக்கப்படுவன. பெயரை இரண்டாக்கினால் கணக்கு உடைந்துவிடும். வேறுபாடு பெயரில் இல்லை, உறவில் இருக்கிறது. உறவைச் சொல்வது வேற்றுமையும் வினையும்.

நேர், எதிர், மறை

மாணவியின் வினாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இழந்தது எவ்வாறு நேர் ஆகும்?

பிராங்கிளின் வகுப்பில் நேர் என்பது மிகுதி, எதிர் என்பது குறை. எலக்ட்ரான் எதிர் என்று பின்னர்த் தெரிய வந்தபோது, எலக்ட்ரானைப் பெற்ற பொருள் குறைப் பெயரையும் இழந்த பொருள் மிகுதிப் பெயரையும் தாங்க நேர்ந்தது. உலகெங்கும் மாணவர் தடுமாறும் இடம் இது. ஆனால் தமிழ்ச் சொற்களில் இத்தடுமாற்றத்துக்கு உண்மையில் இடமில்லை. நேர், எதிர் என்பன மிகுதி குறைகளைச் சொல்வன அல்ல, திசையைச் சொல்வன. ஒன்றுக்கு எதிரே நிற்பது அதைவிடக் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வகையில் மேலைச் சொற்களைவிட நம் சொற்கள் செம்மையானவை. இலங்கை வழக்கிலுள்ள ‘மறை’ எதிர்மறுத்தலையும் இன்மையையும் நினைவூட்டுவதால், இவ்வொரு சொல்லில் மட்டும் தமிழ்நாட்டு வழக்கே சிறந்ததெனக் கொள்வேன்.

அப்படியாயின் குழப்பம் எங்கிருந்து வந்தது? ஊட்டத்திலிருந்து. ‘நேர்’ என்பதை ‘ஊட்டம்’ என்பதோடு சேர்த்தவுடன் மிகுதிப் பொருள் கொல்லைப்புற வழியே நுழைந்துவிடுகிறது. நேர்மின்னூட்டம் பெற்றது என்றால் ஏதோ ஒன்று கிடைத்திருக்க வேண்டும் என்றே தமிழறிந்த எவரும் பொருள்கொள்வர்.

துகள்களுக்குத் தமிழ்ப்பெயர் இடும்போதும் இவ்வாறான ஓர் இடர் நேர்ந்துள்ளது. எலக்ட்ரானை எதிர்மின்னி என்றும் புரோட்டானை நேர்மின்னி என்றும் வழங்குவோர் உளர். மின்சுமையை வைத்தே பெயரிட்டால், 1932இல் கண்டறியப்பட்ட பாசிட்ரானை, அதாவது எலக்ட்ரானை எல்லா வகையிலும் ஒத்து மின்சுமையில் மட்டும் நேராக உள்ள துகளை, என்னவென்பது? அதுவும் நேர்மின்னிதான். ‘எதிர்மின்னியின் எதிர்த்துகள்’ என்று எழுதிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். மின்னணு என்னும் சொல்லோ மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வரை சென்று வேறு பணியில் நிலைத்துவிட்டது. மேலும் எலக்ட்ரான் அணுவும் அன்று. துகள்களின் பெயர் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். எலக்ட்ரான் ஆயினும் இலத்திரன் ஆயினும் பெரிய வேறுபாடில்லை. தமிழின் ஆற்றலை நாம் செலவிட வேண்டிய இடம் பெயர்சூட்டலன்று. (அயனி ஒரு நல்லூழ். செல்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்த அது, அதே மூலத்தோடு உறவுடைய அயனம் என்னும் சொல்லை நமக்கு நினைவூட்டுகிறது. குமரி மாவட்டத்தார்க்கு மட்டும் அது ஒரு மரத்தை நினைவூட்டக்கூடும்.)

வினைமுடிபு

‘சோடியம் அணு ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின்னூட்டம் பெறுகிறது’ என்ற அமைப்பிலான தொடர் தமிழில் வேதியியல் எழுதுவோர் எல்லோர்க்கும் பழக்கமானது. இழந்து, பெறுகிறது என்னும் இரு வினைகளையும் நோக்குக. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும் பண்டமாற்றின் இலக்கணம் இது. அணுவில் பண்டமாற்று நடைபெறவில்லை. போனது ஓர் எலக்ட்ரான், வந்தது ஒன்றுமில்லை. பதினோராவது புரோட்டானின் நேர்மின்சுமை முன்பே அங்கு இருந்தது. அதனை ஈடுசெய்து நின்ற எலக்ட்ரான் அகன்றதும் அது எஞ்சிற்று. எனவே இத்தொடரின் முடிபு ‘பெறுகிறது’ என்றிருத்தல் பொருந்தாது. ‘எஞ்சுகிறது’ என்றிருத்தல் வேண்டும்: சோடியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரான் நீங்க, ஓர் அலகு நேர்மின்சுமை எஞ்சுகிறது. குளோரினிலோ எலக்ட்ரான் ஒன்று வந்து சேர, எதிர்மின்சுமை ஓர் அலகு விஞ்சுகிறது.

நடுநிலை அணுவைச் சொல்லும் தொடரும் திருத்தத்துக்குரியது. அணு மின்சுமையற்றது என்று எழுதுகிறோம். நியூட்ரானும் மின்சுமையற்றது என்று எழுதுகிறோம். வெறுங்கோலாகச் சமநிலையில் நிற்கும் துலாவும், இருதட்டிலும் ஒத்த பாரம் ஏற்றிச் சமநிலையில் நிற்கும் துலாவும் ஒன்றா? அணுவில் நிகழ்வது இன்மை அன்று, ஈடு. 11உம் 11உம் ஈடாகின்றன. இந்த ஈட்டைச் சொல்லாமல் ‘அற்றது’ என்று முடித்துவிடுவதால்தான், அடுத்த பக்கத்தில் மின்சுமை திடீரென முளைத்ததாகத் தோன்றி, யார் ஊட்டினார் என்று கேட்க வேண்டியதாகிறது.

இயற்பியலார் ஒருவர் இங்கு இடைமறிக்கலாம். நியூட்ரானுக்குள்ளும் ஈடுதான் உள்ளது. மூன்றில் இரண்டு பங்கு நேர்மின்சுமையுடைய ஒரு குவார்க்கும், மூன்றில் ஒரு பங்கு எதிர்மின்சுமையுடைய இரண்டு குவார்க்குகளும் சேர்ந்து சுழியாகின்றன. புரோட்டானின் ‘ஒன்று’ என்பதும் அவ்வகைக் கூட்டலின் விளைவே என்பார். உண்மை. புரோட்டான் நேர்மின்சுமை உடையது என்னும் தற்கிழமைத் தொடர் வேதியியலின் எல்லைக்குள் மட்டுமே நிற்பது. ஆயினும் இம்மறுப்பு என் கருத்துக்கு அரணாகவே அமைகிறது. எந்த ஆழத்துக்குச் சென்றாலும் உடைமை, ஈடு, எச்சம் என்னும் மூன்று உறவுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எந்த நிலையிலும் ஊட்டுதல் வருவதில்லை.

ஊட்டம் என்னும் சொல்லை முற்றும் விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மின்தேக்கியை நிரப்பும் செயலுக்கு அது பொருத்தமான தொழிற்பெயர். செயலுக்கு மின்னூட்டல், அளவுக்கு மின்சுமை; துகளுக்கு ‘உடையது’, அணுவுக்கு ‘ஈடாகிறது’, அயனிக்கு ‘எஞ்சுகிறது’ அல்லது ‘விஞ்சுகிறது’. புதுச்சொல் ஒன்றுகூட இதில் இல்லை. சொற்பட்டியல் தயாரிப்போர் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அது கொள்ளும் வினைகளையும் ஒரு நிரலில் தருவார்களாயின், பாடநூல் எழுதுவோர்க்குப் பெருந்துணையாகும். அப்பணிக்கு அறிவியல் துறையினர் தனித்துப் போதார். தன்வினை பிறவினை அறிந்தவர்கள் அக்குழுவில் எழுத்துப்பிழை திருத்துவோராக அன்றி, முதலிலிருந்தே அமர வேண்டும்.

செப்புத் தகடு

இது வெறும் பாடநூற் சிக்கல் என்று கருதியிருந்தால் இத்துணை நீட்டி எழுதியிருக்க மாட்டேன்.

இராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர், பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில்ஸ் 1936ஆம் ஆண்டினது. பஞ்சு உருளைகளில் உரசி ஓடும்போது எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. காற்று வறண்டிருந்தால் அவை நீங்க வழியின்றித் தங்கிவிடுகின்றன. இழைகள் ஒன்றையொன்று விலக்கிச் சிலிர்க்கின்றன, உருளையில் சுற்றிக்கொள்கின்றன. நூற்பாலைக்குள் ஈரப்பதத்தைக் காப்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. அங்கே இழை அறுவதோடு போயிற்று. கிழக்கே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் பட்டாசு ஆலைகளில் இதே நிகழ்வு உயிரைக் குடிக்கவல்லது. மனித உடலில் ஏறத்தாழ 2 × 10²⁸ எலக்ட்ரான்கள் உள்ளன. நடையாலும் ஆடையின் உரசலாலும் அவற்றுள் சுமார் 6 இலட்சம் கோடி மிகுந்தாலோ குறைந்தாலோ அது ஒரு மைக்ரோ கூலும். மூவாயிரம் இலட்சம் கோடிக்கு ஒன்று என்ற அளவிலான இவ்வெச்சமே உடலைப் பல ஆயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தப் போதும். விரல்நுனியில் எழும் பொறி கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். மணிமருந்துக்கு அது தெரியும். அதனால்தான் செயற்கையிழை ஆடை கூடாது, பருத்தியே உடுக்க வேண்டும் என்றும், மருந்தறைக்குள் நுழையுமுன் நிலத்தோடு இணைத்த செப்புத் தகட்டைத் தொட வேண்டும் என்றும் அங்கு நெறி வகுத்துள்ளனர்.

எங்கள் தெருவிலிருந்து நெடுங்காலம் பட்டாசு வேலைக்குச் சென்றுவந்த அத்தை ஒருவரிடம் அத்தகட்டைப் பற்றிக் கேட்டேன். “அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் தாயி உள்ள போவோம்” என்றார். கோயில் வாசற்படியைப் போல. ஏன் தொட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களா என்றதற்கு, உடம்பில் கரண்டு இருக்கும் என்றார்கள், நமக்கு எங்கே கரண்டு, கம்பியா கிடக்கிறது என்று சிரித்தார். அவசரத்தில் தொடாமலும் போனதுண்டாம். சாமியிடம் மனத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாராம்.

அவருக்கு நிலைமின்னூட்டம் என்னும் சொல்லைச் சொல்லி என்ன பயன்? அவர் உடலுக்கு எவரும் எதனையும் ஊட்டவில்லை. ஒவ்வொரு பொருளிலும் இரண்டு வகை எப்போதும் சமமாக இருக்கின்றன, உரசும்போது ஒன்று கொஞ்சம் ஓடிப்போகிறது, மற்றது எஞ்சி உடம்பில் நிற்கிறது, அந்தச் சுமையோடு மருந்தைத் தொட்டால் பொறி பறக்கும், தகட்டைத் தொட்டால் அது மண்ணுக்கு இறங்கிவிடும் என்று, மேலே எழுதிய வினைகளையே கொண்டு, சொல்லிப் பார்த்தேன்.

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, மலையடிவாரத்துப் பாதையில் விறகுக்கட்டை இறக்கிவைத்து இளைப்பாற நின்ற பழைய கல்லை நினைத்தவராக, “அப்ப அது சுமைதாங்கின்னு சொல்லு” என்றார். “அப்படி ஒரு பலகை எழுதிப் போட்டிருந்தா ஒரு நாளும் தொடாமப் போயிருக்க மாட்டேனே.”